ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
பருவத்துக்கு மட்டும் சம்பளம்.
பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்
நெல்லைத் திருப்பி அனுப்பவேண்டும்.
ஈரம் பார்க்கிற அந்தக் கருவியின்மேல்
இப்போது ஒரு புத்தகம் குப்புறக் கிடக்கிறது
எழுபத்திரண்டாம் பக்கத்தில்.

என்னுடையதில்லை.
தன்ஷிகா, ஏழாம் வகுப்பு, பி பிரிவு
என்று அட்டைக்குள் பச்சை மையில் இருக்கும்.
தஞ்சாவூர்க் கண்காட்சியில் வாங்கித் தந்தேன்.
"இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குப்பா"
என்று சொல்லிவிட்டாள்.
ஒரு வாரம் அரிசி டின்மேல் கிடந்தது.
கொசு அடிக்கத்தான் முதலில் எடுத்தேன்.

கதையில் ஒரு நண்டு துப்பறிகிறது.
பள்ளிக்கூடத்து மணியைக் காணவில்லை.
நேரே போய் யாரையும் கேள்வி கேட்கத் தெரியாது அதற்கு.
பக்கவாட்டில் போய்ப் போய்
சம்பந்தமில்லாதவர் முழங்காலில் இடித்து
மன்னிப்புக் கேட்கும்.
அந்த மன்னிப்பில் ஒரு துப்பு கிடைக்கும்.

எங்கள் பக்கம் நண்டென்றால்
வரப்பில் வளை போட்டு
ராத்திரியோடு ராத்திரியாக நம் தண்ணீரை
அடுத்த வயலுக்குக் கடத்துகிற பயல்.
"திருடனுக்கே போலீஸ் வேலையா?"
என்று சிரித்தார் வீரையன் அண்ணன்.
சிரித்துவிட்டு, தன் முறை வந்த பிறகும்
தராசுப் பக்கம் போகாமல் நின்றார்.
"சரி, மணிய யாருதான் எடுத்தானாம்?"

நீடாமங்கலத்திலிருந்து வரவேண்டிய லாரி
அன்றைக்கும் வரவில்லை.
சுமை தூக்குகிற பக்கிரிசாமி
வாட்ச்மேன்மேல் சந்தேகப்பட்டார்.
இன்னொருவர் தலைமையாசிரியர்மேல்.
நான் சத்தமாகப் படித்தேன்.
தார்ப்பாய் படபடத்த இடங்களில் நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் அந்த அத்தியாயம்.
திருடன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான்,
நண்டுக்கு ஓடு கழல்கிற நாள் வந்துவிடுகிறது.
புது ஓடு இறுகும்வரை
உடம்பெல்லாம் வெண்ணெய்.
வளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
"யாரும் என்னைப் பார்க்காதீர்கள்" என்கிறது.
பதினோரு பக்கம், வேறொன்றும் நடக்கவில்லை.
எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.
போன மாதம் முழுக்க
அறைக்கதவைச் சாத்திக்கொண்டவளை
அந்தப் பதினோரு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறாம் பக்க ஓரத்தில் பென்சில் எழுத்து:
*அப்பா, கடைசிப் பக்கத்தைப் பாத்துடாதீங்க.
நான் பாத்துட்டேன், வேஸ்ட்டாப் போச்சு.*

சின்னப் பிள்ளைங்களுக்காம்!

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் மேட்னி.
எங்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.
தலைக்குமேல் ஒரு மின்விசிறி
வசனத்துக்கு வசனம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
படத்தில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது.
டெம்போவில் பழைய ஃப்ரிட்ஜ்.
அதற்குள் பையன் மூன்று வருஷமாகக் காப்பாற்றுகிற
ஒரே ஓர் ஆலங்கட்டி.
அது உருகக் கூடாது, அவ்வளவுதான் கதை.
ஊருக்கு ஊர் இறங்கி
முன்பின் தெரியாத கதவுகளைத் தட்டி
"ஒரு அரைமணி நேரம், ஒரு பிளக்" என்று
கேட்கிறான் தகப்பன்.
கிரிக்கெட் கடைசி ஓவர் ஓடுகிற வீட்டில்
ஒரு தொப்பைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல்
தன் டி.வி.யின் வயரைப் பிடுங்குகிறார்.

என்னால் முடியவில்லை.
வனரோஜா பாப்கார்னை என் மடிக்குத் தள்ளினாள்.
இடைவேளை விளக்குகள் போட்டார்கள், பாவிகள்.
தன்ஷிகா என் கன்னத்தில் ஒரு விரலை வைத்து
கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்,
நான் கருவியைப் பார்க்கிற அதே மாதிரி.
"இருபத்திரண்டு இருக்கும்.
எடுக்க முடியாது, காயவெச்சுக் கொண்டாங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இன்று திங்கள். லாரி வந்துவிட்டது.
மணியை எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும்.
வீரையன் அண்ணன் இரண்டு தடவை
டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்.
இன்னும் நாற்பது மூட்டை இருக்கிறது அவருக்கு.
பார்ப்போம்.